மதிலோரப் பாத்தி

சொர்ணம் என்ற பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இந்தத் தெருவில் நீங்கள் யாரிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாலும் அந்தப் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்காது. ஆவுடையைச் சொல்லியிருப்பார்கள், அவளை நான் வேலையைவிட்டு நிறுத்தியதைச் சொல்லியிருப்பார்கள். என்னைக் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். என் கணினியைக்கூடச் சொல்லியிருப்பார்கள், அது ஏதோ பில்லிசூனியப் பெட்டி என்பதுபோல. சொர்ணத்தை மட்டும் 'அந்தப் பொம்பளை' என்று சொல்லிக் கடந்துபோவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மனிதருக்குப் பெயர் உண்டு. அவள் இந்த வீட்டில் நாற்பத்தெட்டு நாள் வேலை செய்தாள். சொர்ணத்தாயா, சொர்ணலட்சுமியா, முழுப்பெயர் என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது வேறு விஷயம்.

உட்காருங்கள். தோட்டக்கலைச் சங்கத்து ஆண்டு மலரில் என் தோட்டப் படத்தை அச்சிட அனுமதி கேட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் தலைவர் தாம் வரத் துணிவில்லாமல் உங்களை அனுப்பியிருக்கிறார். பரவாயில்லை. படத்தைத் தருகிறேன். ஆனால் அதைப் பற்றி நீங்கள் வெளியே கேட்டதை மறந்துவிட்டு, என்னிடம் ஒருமுறை ஒழுங்காகக் கேளுங்கள். முப்பத்தொரு ஆண்டு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள் நான். ஒன்றுக்குப் பின் இரண்டு என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

ஜன்னலருகே போக வேண்டாம். திரையிலேயே பாருங்கள், தெளிவாக இருக்கும்.

இதுதான் தோட்டம். தெற்கே நம் வீடு. வடக்கே மதில், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர்களின் இரண்டு மாடி. நடுவில் நாற்பதுக்கு முப்பது அடி மண். ஓய்வு பெற்ற ஆண்டில் என் முழங்கால் இரண்டும் என்னைக் கைவிட்டன. மாடிப்படி ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு ஒருமுறைதான். மகன் இந்த மடிக்கணினியை அனுப்பி, அதில் தோட்டம் திட்டமிடும் செயலி ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். அளவு நாடாவின் ஒரு முனையை ஆவுடை பிடித்தாள், மறுமுனையைச் செங்கல்லில் கட்டினோம், நான் இங்கிருந்தபடி எழுதிக்கொண்டேன். பதினான்கு பாத்திகள். ஒவ்வொன்றையும் சுட்டியால் இழுத்து, அளந்த இடத்தில் வைத்தேன். எந்தப் பாத்தியை அழுத்தினாலும் பயிரின் பெயர், நட்ட தேதி, அறுக்கும் தேதி எல்லாம் வரும். இதோ, வெண்டை. இது தண்டுக்கீரை. அழகாக இல்லையா? நேரில் பார்த்தால் இவ்வளவு அழகாக இருக்காது. நேரில் சேறும் பூச்சியும் இருக்கும்.

இந்த இரண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதிலோரமாக நீளமாய்க் கிடக்கும் பச்சைப் பாத்தி சிறுவள்ளிக் கிழங்கு. பொங்கல் படையலில் சிறுவள்ளி இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. கடையில் வாங்குவதைவிட நம் மண்ணில் விளைந்ததை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டுச் சுவரோரமாக இருக்கும் சிவப்புப் பாத்தி செங்காந்தள். காந்தளை ஏன் வைத்தேன் என்று ஆவுடை கேட்டாள். மாநிலத்தின் மலர் என்றேன். உண்மையைச் சொன்னால், படம் முழுவதும் பச்சையாக இருந்தது, ஓரிடத்தில் சிவப்பு வேண்டியிருந்தது. காந்தள் கிழங்கு விஷம் என்பது எனக்குத் தெரியும். படிக்காதவளா நான்? அதனால்தான் அந்தப் பாத்தியின்மேல் இந்த முக்கோணத்தை வைத்தேன். சிவப்பு முக்கோணம், நடுவில் மண்டையோடு. அச்செடுத்து ஆவுடையிடம் கொடுத்தபோது, "இது என்னம்மா, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீசா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளிடம் நகைச்சுவை உண்டு. நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா.

இரண்டும் கொடிகள். இரண்டும் வைகாசியில் நட்டால் மார்கழியில் காய்ந்து மடிபவை. மடிந்தபின் மேலே ஒன்றும் தெரியாது. கீழே கிழங்கு மட்டும் கிடக்கும். முதல் ஆண்டுக் காந்தள் பூக்கவும் இல்லை. பூத்திருந்தால் எனக்கே மாடியிலிருந்து தெரிந்திருக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செயலியில் நிழல் பார்க்கலாம். மாதத்தை மாற்றினால் சுவர் நிழலும் மர நிழலும் நகரும். மதிலோரம் ஆண்டு முழுவதும் வெயில், வீட்டோரம் ஆண்டு முழுவதும் நிழல் என்று அது காட்டியது. வெயில் கேட்கும் வள்ளியை மதிலோரம் வைத்தேன். நிழல் தாங்கும் காந்தளை வீட்டோரம் வைத்தேன். இதில் என்ன பிழை? ஆனி மாதம் ஆவுடை படியேறி வந்து நின்றாள்.

"யம்மா, வள்ளி வெளுத்துப் போய்க் கெடக்கு. மதிலோரம் வெயிலே விழல."

"படத்தில் விழுகிறதே."

"படத்துல விழுந்து என்ன செய்ய? வெயிலு இப்பம் வடக்கயில்லா நிக்கி. பக்கத்து வீட்டு நெழலு பூரா நம்ம மதிலுக்கு இங்கிட்டு வந்து சாயுது. நம்ம சொவரோரம்தான் சுள்ளுன்னு அடிக்கி. காந்தள அங்கிட்டும் வள்ளிய இங்கிட்டும் மாத்தி வச்சிரட்டா? இப்பந்தான் முளவிட்டிருக்கு, தாங்கிக்கிடும்."

பின்னால் யோசித்தபோது காரணம் தெரிந்தது. செயலி முதலில் ஊரைக் கேட்டது. பட்டியலில் பாளையங்கோட்டை இல்லை. பாளையங்கோட்டை இல்லாத பட்டியலில் எந்த ஊர் இருந்தால் எனக்கென்ன என்று, அதுவே காட்டிய ஏதோ ஒரு பனிநாட்டு ஊரை அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஊரில் சூரியன் தெற்கைவிட்டு நகர்வதே இல்லை. நம் ஊரில் சித்திரை தொடங்கி ஆவணிவரை உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. இது ஒரு சிறு பெட்டியில் நிரப்பாமல் விட்ட ஒரு சொல். இதைப் பிழை என்று சொல்லலாம். நான் சொல்லமாட்டேன்.

ஆவுடையிடம் நான் 'மாற்று' என்று சொல்லவில்லை. "உன் விருப்பம்" என்றேன். இரண்டும் ஒன்றல்ல. காவல் நிலையத்திலும் இதைத்தான் சொன்னேன்.

அவள் மாற்றினாள். வந்து சொன்னாள்: "மாத்தியாச்சும்மா. படத்துலயும் மாத்திருங்க, அந்த மண்டயோட்ட மதிலுக்குக் கொண்டு போயிருங்க." பார்க்கலாம் என்றேன். ஒரு படத்தை முழுமையாகச் செய்து முடித்தபின், வேலைக்காரி வந்து சொன்னாள் என்பதற்காகக் கலைக்க யாருக்குக் கை வரும்? உங்களுக்கு வருமா? அப்போது உங்கள் சங்கத்தின் போட்டிக்கும் பெயர் கொடுத்திருந்தேன். பிறகு ஐப்பசி வந்தது. வெயில் தெற்கே திரும்பியது. நிழல் அச்சு அசலாகப் படத்தில் உள்ளபடி விழுந்தது. அந்தப் பகல் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இந்த ஜன்னலிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னேன்: "பார்த்தாயா ஆவுடை, படம் சொன்னதுதான் சரி. நீ மாற்றி வைத்ததை மறுபடி இருந்த இடத்தில் வைத்துவிடு." அவள் கீழிருந்து ஏதோ சொன்னாள். மழைத் தூறலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சொன்னால் செய்வாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒருவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, அது நடந்திருக்கும் என்று நம்புவது குற்றமா? அன்றுமுதல் என் மனத்தில் வள்ளி மதிலோரம், காந்தள் வீட்டோரம். திரையில் எப்போதும் அப்படித்தானே இருந்தது.

கார்த்திகையில் உங்கள் நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நல்ல மழை. யாரும் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். "இப்படி ஒரு துல்லியத்தை நாங்கள் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை, மேடம்" என்றார் ஒருவர். அந்த நேரம் பார்த்து ஆவுடை காப்பித் தட்டோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? நின்றாள்.

"அம்மா, அது இன்னும் மாத்தலயா? சார், படத்துல இருக்கது ஒண்ணு, மண்ணுல இருக்கது ஒண்ணு. வள்ளி வீட்டோரம் இருக்கு. மண்டயோடு போட்டது மதிலோரம் இருக்கு. எலயப் பாத்தாலே தெரியும், வாங்க காட்டுதேன்."

"நான் திரும்ப வைக்கச் சொன்னேனே" என்றேன்.

"அப்பமே சொன்னேனம்மா, பாதியில புடுங்குனா ரெண்டும் செத்துப்போகும்னு."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கக் கோப்பையை வாயருகே கொண்டுபோனார். அந்தக் கோப்பை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. யாராவது எழுந்துபோய் இலையைப் பார்த்தார்களா? இல்லை. மழை. எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

அன்று மாலையே ஆவுடையை நிறுத்தினேன். பதினோரு ஆண்டு இருந்தவள். வருத்தம் இல்லாமலா இருக்கும். ஆனால் மூன்று நடுவர்கள் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிய ஒருத்தியை நான் எப்படி வைத்துக்கொள்வது? அவள் பொய் சொன்னாள் என்றே அன்று நான் முடிவு செய்தேன். இரண்டாம் இடத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் சொர்ணம் வந்தாள். சீவலப்பேரிப் பக்கத்துக்காரி. கட்டிக் கொடுத்த இடம் இங்கே. அதிர்ந்து பேசமாட்டாள். எதிர்த்துப் பேசமாட்டாள். நான் தேடியது அதைத்தான். முதல் நாளே அச்செடுத்த படத்தை அவளிடம் கொடுத்து, "இந்த வீட்டில் இதுதான் சட்டம்" என்றேன். தலைகீழாகப் பிடித்திருந்தாள், திருத்திக் கொடுத்தேன். பிறகு நன்றாகக் கற்றுக்கொண்டாள். "ஏழாவது பாத்தி நனச்சிட்டேன்மா" என்று எண்ணைச் சொல்வாள். ஆவுடை பதினோரு ஆண்டில் ஒருநாளும் எண் சொன்னதில்லை.

போகிக்கு முதல் நாள் ஆவுடை வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லி நானும் அழைக்கவில்லை. கம்பி வழியாகச் சொர்ணத்தோடு பேசியது இங்கே எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏட்டி சொர்ணம், படையலுக்குக் கெழங்கு தோண்டச் சொல்லுவாவ. மதிலோரம் தோண்டிராத. அது காந்தளு. வீட்டோரம் இருக்கதுதான் வள்ளி. எங்கையால வச்சது, எனக்குத் தெரியும்."

"அம்மா பேப்பர்ல வேறயில்லா போட்டிருக்கு, மைனி."

"பேப்பரு கெடக்கு. நீ எங்கிட்ட கேட்டேன்னு அம்மாட்ட சொல்லாத. பேசாம வீட்டோரம் தோண்டு."

இதற்குமேலும் நான் பொறுக்க வேண்டுமா? என் வீட்டு வேலைக்காரியிடம், எனக்குத் தெரியாமல், என் படத்துக்கு மாறாக நடக்கச் சொல்கிறாள். ஜன்னலைத் திறந்து, "ஆவுடை, இங்கே உனக்கு வேலை இல்லை" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அது எனக்குப் பழகியதுதான். கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். "யம்மா, எம்மேல இருக்க கோவத்துல மண்ணப் பாக்காம இருக்காதிய. ஒருக்கா கீழ எறங்கி வந்து பாருங்க" என்றாள். ஜன்னலை மூடினேன். சொர்ணத்தை மேலே அழைத்து, "பொறாமையில் பேசுகிறாள். நீ படத்தைப் பார்த்துத் தோண்டு" என்றேன். "சரிம்மா" என்றாள்.

இறங்கிப் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் உங்கள் முகம் சொல்கிறது. அன்று நான் ஒருமுறை இறங்கி ஏறியிருந்தேன். இரண்டாம் முறை என்னால் முடியாது. மேலும், இறங்கியிருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? இரண்டு இடத்திலும் காய்ந்த கொடி.

போகி அன்று காலை மதிலோரம் தோண்டினாள். ஒரு முறம் நிறையக் கிழங்கு. விரல் நீளத்துக்குச் சற்று மேல், தவிட்டு நிறம், மண் ஒட்டிக்கொண்டு. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று முறத்தைத் தூக்கிக் காட்டினாள். என் கண்ணாடி மேசையில் இருந்தது. "நன்றாக விளைந்திருக்கிறது" என்றேன். "சிலது வளஞ்சு வளஞ்சு இருக்கும்மா, கலப்ப மாதிரி" என்றாள். மண் இறுக்கமாக இருந்தால் கிழங்கு அப்படித்தான் வளையும் என்றேன். படையலுக்கு நான்கை எடுத்து வைக்கச் சொன்னேன். எனக்குச் சர்க்கரை, கிழங்கு தொடக் கூடாது. மீதி முழுவதையும் அவளுக்கே கொடுத்தேன். நன்றாகக் கவனியுங்கள், முழுவதையும். வீட்டில் விளைந்த முதல் விளைச்சலை அப்படியே தூக்கிக் கொடுக்கிறவர்கள் இந்தத் தெருவில் எத்தனை பேர்? அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

பொங்கலன்று பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அவளிடமிருந்து தொலைபேசி.

"யம்மா, பொங்கல் வாழ்த்தும்மா. ஒண்ணு கேக்கணும். கெழங்கு லேசாக் கசக்கு. எங்க வீட்டு ஆளு ஒரு வாயி வச்சுட்டுத் துப்பிட்டாவ. அந்த மைனி வேற என்னமோ சொன்னா. திங்கலாமாம்மா?"

கணினி திறந்தே இருந்தது. பாத்தியை அழுத்திப் பார்த்தேன். மதிலோரம்: சிறுவள்ளி. நட்டது வைகாசி, அறுப்பது தை. பச்சை. முக்கோணம் எங்கே இருக்கிறது என்றும் பார்த்தேன். வீட்டோரம். எவ்வளவு பொறுப்பாகப் பார்த்தேன் பாருங்கள்.

"பயப்படாதே. நான் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். புதுமண்ணில் முதல் விளைச்சல் கொஞ்சம் கசக்கும். இன்னும் சிறிது உப்புப் போட்டு வேகவை" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

மற்றவர்கள் யாரும் தின்னவில்லை. அவள் மட்டும், நான் சொன்னேன் என்பதற்காக, தின்றாள். அது அவளுடைய பண்பு. இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதில்லை.

சாயங்காலமே வாந்தி தொடங்கிவிட்டதாம். மறுநாள் மாட்டுப்பொங்கல், ஆட்டோ கிடைக்கத் தாமதமானது என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் மீதிக் கிழங்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அவித்தது மட்டும் இருந்திருக்கிறது. ஆவுடைதான் இங்கே ஓடிவந்து, படையலில் விளக்கருகே இருந்த நான்கு கிழங்கையும் எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் வீட்டோரத்தை மண்வெட்டியால் நான்கு கொத்துக் கொத்தி, கிடைத்ததை வாசற்படியில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். சிறுவள்ளிதான். மயிர் வேரோடு, உருண்டையாக, நல்ல சிறுவள்ளி. ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. யாரை எடுக்கச் சொல்வது?

நான் மருத்துவமனைக்குப் போனேன். போகவில்லை என்று சொல்வார்கள், போனேன். மூன்றாம் நாள். மின்தூக்கி பழுது, வார்டு இரண்டாவது மாடியில். கீழே காத்திருந்துவிட்டு வந்தேன்.

காவல் நிலையத்தில் கேட்டார்கள். படத்தின் அச்சைக் கொடுத்தேன். மண்டையோட்டுக் குறியைக் காட்டினேன். விஷம் என்று எழுத்தில் எச்சரித்திருக்கிறேன் அல்லவா? பாத்திகள் மாறியது ஆவுடையின் கையால். ஆய்வாளர் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சொர்ணம் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கு மேடம்" என்றார். வாசித்தார். இரண்டே வரி. 'அம்மா மேல தப்பில்ல. அம்மா படத்தைப் பார்த்துத்தான் சொன்னாவ.' அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விபத்து என்று எழுதி முடித்தார்கள். அவளே சொல்லிவிட்டாள் பாருங்கள், என்மேல் தவறில்லை என்று. இந்தத் தெருவுக்கு இன்னும் என்ன வேண்டும்?

இல்லை, படத்தை நான் திருத்தவில்லை. திருத்தினால் முன்பு இருந்தது தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வழக்கறிஞர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் திருத்தியிருக்கமாட்டேன். இப்போது ஆனி, சாரல் விழுந்ததும் மதிலோரம் மறுபடி முளைவிட்டிருக்கிறது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. கீழே பாத்திரச் சத்தம் கேட்கிறதே, அவள் புதிதாக வந்திருப்பவள். கயத்தாற்றுப் பக்கம். அவளிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

இந்தாருங்கள், படம் இந்தக் கோப்பில் இருக்கிறது. மலரில் அச்சிடும்போது நிறங்களை மாற்றாதீர்கள். என் பெயரை முழுதாகப் போடுங்கள்: பேராசிரியர் மங்கையர்க்கரசி. ஆவுடை என்ன ஆனாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவள் பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் வேலை பார்க்கிறாள், நன்றாக இருக்கிறாள். நீங்களும் கிளம்பும்போது அதைத்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். மற்றவளைக் கேட்கிறீர்கள். கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், அதனால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் அவளுக்குச் சிறுநீர் நின்றது. நான்காம் நாள் பேச்சு நின்றது. தை ஐந்தாம் தேதி காலை பத்தரை மணிக்குச் சொர்ணம் இறந்தாள். வயது முப்பத்தாறு. உடலை அறுத்துக் கொடுக்க மாலையாகிவிட்டது. மறுநாள் சீவலப்பேரிக்குக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் எரித்தார்கள்.